கெட்டில் ஓடைக்கு நடுவே ஒரு மேடை

தடேயஸ் ஹெஃபர்னன் பாரிஸ்டர் ஆனது சாப்பிட்டுத்தான். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அந்தக் காலத்து டப்ளினில் சட்டம் படிக்கப் போன பையன் சட்டப் புத்தகத்தைத் திறந்தானா என்று ஒரு பெரியவரும் கேட்டதில்லை. விடுதிக் கூடத்து விருந்துகளில் உட்கார்ந்து சாப்பிட்டானா என்பதுதான் பரீட்சை. ஹெஃபர்னன் ஒரு விருந்தையும் தவறவிடவில்லை. வேகாத ஆட்டிறைச்சியை வருஷக்கணக்கில் மென்று தீர்த்த பிறகு, இந்தப் பிள்ளைக்குச் சட்ட ஞானம் முற்றிவிட்டது என்று முடிவு செய்து, தலையில் குதிரைமுடி விக்கை மாட்டி அனுப்பிவைத்தார்கள்.

அதன் பிறகு அயர்லாந்தின் கார்க் பக்கத்துக் கோர்ட்டுகளைச் சுற்றிச் சுற்றி வந்தார். மொத்தமாகக் கிடைத்தது ஒரே ஒரு வழக்கு, ஒரு வாத்து சம்பந்தப்பட்டது. வாத்து யாருடையது என்று விசாரணை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, சாட்சிப் பொருளாகக் கூடையில் வைத்திருந்த அந்த வாத்தை மதிய இடைவேளையில் ஜூரிகள் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். வழக்கு தள்ளுபடி. ஹெஃபர்னனுக்கு ஒரு கால் துண்டு கொடுத்தார்கள் என்று ஊரில் பேச்சு. அவர் கடைசி வரை அதை மறுத்துவந்தார்.

ஊரில் சொந்தக்காரர்கள் எல்லாம், "ஆஸ்திரேலியாவுக்குப் போயேம்பா! அங்கே தரையைக் கீறினா தங்கம் வருதாம். தங்கம் வந்தா சண்டை வரும். சண்டை வந்தா வக்கீல் இல்லாம முடியுமா?" என்று ஒரே பாட்டாகப் பாடினார்கள். விக்கையும் கறுப்பு அங்கியையும் பெட்டியில் வைத்துக் கப்பல் ஏறினார். அவர் போய்ச் சேர்ந்த காலனியில் சண்டை நிறையத்தான் இருந்தது. ஆனால் அங்கே யாரும் கோர்ட் வரைக்கும் காத்திருக்கவில்லை, இருந்த இடத்திலேயே தீர்த்துக்கொண்டார்கள்.

இப்படித்தான் ஹெஃபர்னன் கெட்டில் ஃப்ளாட் என்ற தங்க வயல் ஊருக்கு வந்து சேர்ந்தார். ஊர் என்றால் பாதி கூடாரம், பாதி தகரம். நடுவே கெட்டில் ஓடை. கோடையில் நாய்கூடக் கால் நனையாமல் தாண்டும். மழைக்காலத்தில் மாட்டு வண்டியை மாட்டோடு உருட்டிக்கொண்டு போகும். கிழக்குக் கரையில் கோர்ட், போலீஸ், தலைநகருக்குப் போகும் குதிரைக் கோச் வண்டி. மேற்குக் கரையில் தங்கக் குழிகள், குழிகளில் வேலை செய்யும் ஜனங்கள், ஹனோரா ட்ரேசி நடத்திய 'கறுப்பு அன்னம்' ஹோட்டல்.

ஹனோராவும் அயர்லாந்துக்காரி, கிளேர் என்ற ஊர்ப் பக்கம். அவள் செய்த ஆட்டு ஸ்ட்யூவுக்காக ஜனங்கள் குழியை விட்டு மேலே ஏறி வந்தார்கள். ஹோட்டலுக்கு ஒரே குறை, வாசலில் ஒரு வராந்தா கிடையாது. வடக்குக் காற்று அடிக்கிற நாட்களில் வெளியே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களின் ஸ்ட்யூவில் ஈயும் மண்ணும் சரிபாதி விழும். வராந்தா போட வேண்டும் என்று அவள் புருஷன் ஜான் ட்ரேசி சொல்லிக்கொண்டே இருந்தான். ஒரு மழைக்காலத்தில் கிழக்குக் கரையில் மாவு மூட்டை வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஓடை அவனைக் கொண்டுபோய்விட்டது. அவன் வருகிறானா என்று ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்.

ஹெஃபர்னன் தினம் கோர்ட் முடிந்ததும் ஓடையைத் தாண்டி வந்து கறுப்பு அன்னத்தில் சாப்பிட்டார். முதலில் ஸ்ட்யூவுக்காகத்தான் வந்தார். பிறகு ஸ்ட்யூ ஆறிப்போனாலும் கவலைப்படாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜூரி முன் பேசுகிற தோரணையில் தொண்டையைச் செருமி, தன் குணநலன்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, தக்க சாட்சிகளோடு, கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார்.

ஹனோரா பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே முழுக்கக் கேட்டாள்.

"வக்கீலய்யா, உங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. பேச்சு கொஞ்சம் ஜாஸ்தி, அது போகட்டும், கூட்டம் இல்லாத நாள்ல கேட்டுக்கலாம். ஆனா உங்க கோர்ட் அந்தக் கரையில, என் அடுப்பு இந்தக் கரையில. மழைக்காலம் முழுக்க ஜன்னல்ல நின்னு ஓடையைப் பார்த்தது ஒரு தடவை போதும். இன்னொரு தடவை என்னால முடியாது. ஒரு பாலம் வரட்டும், மறுநாளே பாதிரியாரைக் கூப்பிடுங்க."

"பாலத்தை யாரு கட்டுவா?"

"அரசாங்கம்."

"அரசாங்கத்தை யாரு கேப்பா?"

"ஓயாம பேசறவங்களைப் பொறுக்கி எடுத்து அங்க சட்டசபைக்கு அனுப்பறாங்களாமே, எதுக்கு? போய் நில்லுங்க."

அப்படித்தான் ஒரு பாரிஸ்டர் அரசியலுக்கு வந்தார். நாட்டுப்பற்று, மக்கள் சேவை என்றெல்லாம் பிற்பாடு பத்திரிகைகள் எழுதின. எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.

தேர்தல் நடத்துகிற பொறுப்பு மேஜர் தார்ன்டைக்கிடம் இருந்தது. அவர்தான் ஊரின் மாஜிஸ்திரேட், போலீஸ் அதிகாரி, தேர்தல் அதிகாரி எல்லாம். சட்டப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைச் செய்வார், எழுதாத எதையும் செய்ய மாட்டார். மழை பெய்யும்போது குடை பிடிக்கலாமா என்று புத்தகத்தைப் பார்க்கிற ஜாதி. வேட்பாளர்கள் பேச ஒரு மேடை போட வேண்டும் என்று சட்டம் சொன்னதால், கோர்ட்டுக்கு எதிரே நல்ல செங்கருவாலி மரத்தில் ஆளுயர மேடை ஒன்று போட்டார்.

"இந்த மேடையில் அடித்த ஒவ்வொரு ஆணியும் பிரிட்டிஷ் சுதந்திரத்தின் ஆணி!" என்று அவர் முழங்கினார். "இதன் மேல் ஏறி எந்த மனிதனும் எதையும் பேசலாம். பேசுவதற்கு முன்னால் பூட்ஸைத் துடைத்துக்கொள்ள வேண்டும். கீழே நிற்கிறவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். தெரிவிப்பதற்கு முன்னால் என்னிடம் அனுமதி வாங்க வேண்டும்."

கெட்டில் ஃப்ளாட்டில் முட்டைக்கோஸ் யானை விலை. எனவே வேட்பாளர் மேல் எறிகிறவர்கள் அதில் கயிறு கட்டி எறிந்தார்கள், பட்டதும் இழுத்துக்கொண்டார்கள். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவன் கொல்லன் பேட்ஸி டூலன். எந்தக் கூட்டத்திலும் முதல் குரல் அவனுடையதுதான்.

"வக்கீலு! வாத்துக்காலு எப்படி இருந்துச்சு?" என்று கத்தினான்.

எதிர்த்து நிற்க ஆள் இல்லாததால், கை தூக்கச் சொன்னதும் எல்லோரும் தூக்கினார்கள். ஹெஃபர்னன் ஜெயித்தார். ஊரே கறுப்பு அன்னத்தில் குடித்தது.

தலைநகரில் சட்டசபை நடந்த விதத்தைப் பார்த்து ஹெஃபர்னன் முதல் மாதம் வாய் பிளந்தபடி உட்கார்ந்திருந்தார். லண்டனில் எப்படிச் செய்கிறார்களோ அப்படியே இங்கேயும் செய்ய வேண்டும் என்பது அங்கே வேதவாக்கு. லண்டனில் குளிருக்கு ஜன்னலை மூடுவார்களாம். ஆகவே இங்கேயும், தார் உருகுகிற வெயிலில், எல்லா ஜன்னல்களையும் அடைத்துவிட்டு, சபாநாயகர் கம்பளி அங்கியும் விக்கும் போட்டுக்கொண்டு, தங்க முலாம் பூசிய தடிக்குப் பின்னால் வியர்வை சொட்டச் சொட்ட ஊர்வலம் வருவார். மயங்கி விழுகிற உறுப்பினர் ஆமாம் என்று வாக்களித்ததாக எடுத்துக்கொள்வதா, இல்லை என்று எடுத்துக்கொள்வதா என்பதற்கே ஒரு தனிக் குழு இருந்தது.

ஒருவழியாக ஹெஃபர்னன் முறை வந்தது. கெட்டில் ஓடைக்குப் பாலம் வேண்டும் என்று எழுந்து கேட்டார். பொதுப்பணி மந்திரி புன்னகையோடு பதில் சொன்னார்:

"மதிப்பிற்குரிய உறுப்பினரின் உணர்ச்சியை மதிக்கிறேன். ஆனால் அந்த ஓடையைப் பற்றி என் துறைக்கு ஒரு புகார்கூட வந்ததில்லை. தாண்டி வந்தவர்களுக்குப் புகார் இல்லை. தாண்ட முடியாதவர்கள் என் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்ததே இல்லை. புகார் இல்லாத இடத்தில் எப்படிப் பாலம் கட்டுவது?"

சபை கைதட்டியது. ஹெஃபர்னனுக்கு ஜான் ட்ரேசியின் நினைவு வந்தது. கேள்விக் காகிதத்தை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வெளியே தாழ்வாரத்தில் பொதுப்பணித் துறைக் காரியதரிசி பில்பீம் அவரை ஓரமாக அழைத்தார். மெலிந்த, சுத்தமான மனிதர். மந்திரிகள் வருவார்கள், போவார்கள். பில்பீம் அதே நாற்காலியில் இருப்பார்.

"கேள்வி கேட்டு யாரும் இங்க பாலம் வாங்கினது கிடையாது சார். மந்திரி கையெழுத்து போட்டாத்தான் பாலம். நீங்க மந்திரி ஆயிடுங்களேன்."

"அது எப்படி ஆறது?"

"சும்மா இருங்க சார். தானா நடக்கும்."

நடந்தது. அடுத்த வாரம் ஒரு வெயிலான நாளில் யாரோ ஒரு ஜன்னலைத் திறக்கச் சொல்ல, அதை அரசாங்கம் எதிர்க்க, மூச்சு முட்டிய உறுப்பினர்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து அரசாங்கத்தையே கவிழ்த்துவிட்டார்கள். புது முதல் மந்திரியாக ஸர் ஈனியஸ் கில்கிரைஸ்ட் வந்தார். ஸ்காட்லாந்துக்காரர், மந்திரிசபை அமைப்பதைத் தோட்டம் போடுகிற மாதிரி பார்க்கிறவர்.

"எல்லா வகையிலும் ஒன்று வைக்க வேண்டும், மிஸ்டர் ஹெஃபர்னன். ஒரு ஐரிஷ்காரர் குறைகிறார். பேசாத ஐரிஷ்காரராகத்தான் தேடினேன், கிடைக்கவில்லை. பொதுப்பணியை எடுத்துக்கொள்ளுங்கள்."

ஹெஃபர்னன் பொதுப்பணி அலுவலகத்துக்கு ஓடாத குறையாகப் போனார். நாற்காலியில் உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "கெட்டில் ஓடை பாலம்! உத்தரவை எடுங்க!" என்றார். பில்பீம் உத்தரவைக் கொண்டுவந்து விரித்தார். பேனாவை மையில் தோய்த்து நீட்டினார். ஹெஃபர்னன் கை நீட்டியதும் பேனாவை மெதுவாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஒரு சின்ன விஷயம் சார். மந்திரி பதவி ஏத்துக்கிட்ட அந்த நிமிஷமே உங்க சட்டசபை இடம் காலி. திரும்ப ஊருக்குப் போய், தேர்தல்ல நின்னு, ஜெயிச்சு வரணும். லண்டன்ல அப்படித்தான்."

"இப்பத்தானேய்யா ஜெயிச்சேன்!"

"அவங்க உங்களை உறுப்பினரா தேர்ந்தெடுத்தாங்க. மந்திரியா பார்த்தா பிடிக்காம போயிடலாம் இல்லையா?"

"பிடிக்கும்."

"அதை அவங்க சொல்லணும் சார். நீங்க சொல்லக் கூடாது."

"சரி, இதுல கையெழுத்து போட்டுட்டுக் கிளம்பறேன்."

பில்பீம் பதறிப்போனார். "ஐயையோ! தேர்தலுக்கு முன்னாடி தொகுதிக்குப் பாலம் கொடுத்தா அதுக்குப் பேர் லஞ்சம் சார். தேர்தலுக்கு அப்புறம் கொடுத்தா நிர்வாகம். போயிட்டு வாங்க, பேனா இங்கேயே இருக்கும்."

கோச் வண்டியில் எலும்பு தேயக் குலுங்கி ஹெஃபர்னன் கெட்டில் ஃப்ளாட் வந்தார். மேஜர் தார்ன்டைக் பழைய மேடைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு மேடை கட்டிக்கொண்டிருந்தார்.

"பழைய மேடை நல்லாத்தானே இருக்கு, மேஜர்?"

"பழைய மேடை உங்களை ஏற்கெனவே ஒரு முறை ஜெயிக்கவைத்த மேடை. அது உங்கள் பக்கம் சாய்ந்திருக்கலாம். ஒவ்வொரு தேர்தலுக்கும் புது மேடை என்று சட்டத்தில் தெளிவாக இருக்கிறது."

"அப்ப பழசைப் பிரிச்சுடலாமே?"

"பிரிப்பது பொதுப்பணித் துறையின் வேலை. அதற்குப் பொதுப்பணி மந்திரி கையெழுத்துப் போட வேண்டும்." மேஜர் அவரை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். "அவர் தற்சமயம் தேர்தலில் நிற்கிறார்."

முட்டைக்கோஸ் பறந்தது, கை தூக்கினார்கள், ஹெஃபர்னன் ஜெயித்தார். தலைநகர் திரும்பினால் அங்கே அரசாங்கம் இல்லை. அவர் சபையில் இல்லாத சமயம் பார்த்து எதிர்க்கட்சி வாக்கெடுப்புக் கேட்டிருக்கிறது. ஸர் ஈனியஸின் மந்திரிசபை ஒரே ஒரு வாக்கில் கவிழ்ந்துவிட்டது. அந்த ஒரு வாக்கு ஹெஃபர்னனுடையது.

பில்பீம் பேனாவைத் துடைத்து உள்ளே வைத்தார். "பரவாயில்ல சார். திரும்ப வருவீங்க."

வந்தார். சில மாதத்தில் இன்னொரு அரசாங்கத்தில் இன்னொரு தடவை பொதுப்பணி மந்திரி ஆனார். அதே பேனா, அதே உத்தரவு, அதே கோச் வண்டி, புது மேடை. திரும்பினால் அதே கதை. ஆக கோர்ட்டுக்கு எதிரே மூன்று மேடைகள் வரிசையாக நின்றன. கோர்ட்டுக்குள் போகிறவர்கள் மூன்றிலும் ஏறி இறங்கித்தான் போக வேண்டியிருந்தது. கைதிகளுக்கு அது கூடுதல் தண்டனை என்று ஒருவன் அப்பீல்கூடச் செய்தான்.

அந்த வருஷம் மழை முன்னாலேயே வந்துவிட்டது. ஓடை பொங்கிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு மதியம், கயிற்றைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் ஹெஃபர்னன் மேற்குக் கரைக்கு வந்தார். ஜன்னலில் ஹனோரா நிற்பதைப் பார்த்தார். உள்ளே வந்ததும் அவள் துண்டை அவர் முகத்தில் வீசினாள்.

"இன்னொரு தடவை இப்படி வந்தீங்கன்னா கதவைத் திறக்க மாட்டேன், சொல்லிட்டேன். யாருக்கு வேணும் இந்த வீரம்? மந்திரியாம் மந்திரி! மூணு மேடை கட்டவெச்சீங்க. அந்த மூணையும் கோர்ட் வாசல்ல போடாம ஓடையில வரிசையாப் போட்டிருந்தா, இந்நேரம் நமக்குக் கல்யாணம் ஆகி நான் உங்களோட சண்டையே போட்டுக்கிட்டு இருப்பேன்!"

ஹெஃபர்னன் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். டப்ளினில் தின்ற அத்தனை ஆட்டிறைச்சியும் அன்றைக்குத்தான் வேலை செய்தது.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றார்.

"எதை? சண்டையா?"

"அதுக்கு முன்னாடி சொன்னது."

மறுநாளே மேஜரிடம் போனார். தேர்தல் மேடை தொகுதியின் நடுவில் போடப்பட வேண்டும் என்று சட்டத்தில் இருப்பதைக் காட்டினார். கோர்ட் வாசல் தொகுதியின் நடுதானா என்று மிகவும் பணிவாகக் கேட்டார். மேஜரின் முகம் வெளிறியது. மூன்று தேர்தலையும் தப்பான இடத்தில் நடத்திவிட்டோமோ என்ற பயத்தில், அடுத்த தேர்தலாவது சரியாக நடக்கட்டும் என்று அளவுச் சங்கிலியை எடுத்துக்கொண்டு மலை, மேடு, குழி எல்லாம் அளந்தார். நடுப்புள்ளி ஓடையின் நட்டநடுவில் விழுந்தது. பூட்ஸோடு தண்ணீரில் இறங்கி, மார்பளவு வெள்ளத்தில் நின்று, அங்கே ஒரு கொடியை நட்டார்.

"சட்டம் தண்ணீருக்குள் இருந்தால் நானும் தண்ணீருக்குள் இருப்பேன்!" என்றார். பிறகு நாலு பேர் சேர்ந்து அவரை இழுத்துக் கரையில் போட்டார்கள்.

அன்றிலிருந்து ஹெஃபர்னன் எந்த அரசாங்கம் என்ன பதவி கொடுத்தாலும் வாங்கிக்கொண்டார். சுரங்க மந்திரி ஆனார். இடம் காலி, தேர்தல், ஓடை நடுவில் தடித்த கால்களோடு ஒரு மேடை. வேட்பாளர் படகில் போய் ஏறினார். பிறகு தபால் மந்திரி. பழைய மேடையைப் பயன்படுத்தக் கூடாது, நடுவை விட்டும் விலகக் கூடாது. ஆகவே கிழக்குப் பக்கம் அதைத் தொட்டாற்போல் ஒரு மேடை. பிறகு கல்வி மந்திரி. இன்னொரு மேடை கிழக்குக் கரையில் போய் முட்டியது. தச்சர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர்களும் அந்த ஓடையைத் தாண்டி வீட்டுக்குப் போகிறவர்கள்தானே, சுதந்திரத்தின் ஆணிகளை இரண்டு மடங்காக அடித்தார்கள்.

தலைநகரப் பத்திரிகைகள் அவரைப் பதவிப் பைத்தியம் என்றன, பச்சோந்தி என்றன. மூன்று கட்சிகளிலும் இருந்த ஒரே மனிதர் என்று படம் போட்டன. ஹனோரா அவற்றைப் படித்துச் சிரித்துவிட்டு, அதிலேயே மீன் சுற்றினாள்.

இனி மேற்குப் பக்கம் ஒரே ஓர் இடைவெளி மிச்சம், ஒரு பெரிய மேடை போடுகிற அளவு. ஓடை அங்கேதான் ஆழம். ஜான் ட்ரேசி போனதும் அங்கேதான்.

அந்தச் சமயம் பார்த்துச் சட்டசபைக்குப் புத்தி வந்துவிட்டது. யாரோ ஓர் இளம் உறுப்பினர் எழுந்து, மந்திரி ஆகிறவர் மறுபடி தேர்தலில் நிற்க வேண்டும் என்ற வழக்கம் சுத்த மடத்தனம், இதை ஒழிக்க வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார். உதாரணமாக ஹெஃபர்னனையே காட்டினார். இத்தனை தடவை மந்திரி ஆகி ஒரு நாளாவது வேலை பார்த்திருக்கிறாரா? சபை முழுக்கத் தலையாட்டியது. மறுபடி முதல் மந்திரியாக வந்திருந்த ஸர் ஈனியஸும் தலையாட்டினார்.

ஹெஃபர்னனுக்கு இன்னும் ஒரு மேடை பாக்கி. அந்த இளைஞர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நியாயம். ஹெஃபர்னனே இரண்டு வருஷமாக அதைத்தான் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார். எழுந்தார். வாத்து வழக்குக்குப் பிறகு அவர் இவ்வளவு உருக்கமாகப் பேசியதில்லை.

"சபாநாயகர் அவர்களே! மக்களை ஒரு தடவை கேட்பது தேர்தல். திரும்பத் திரும்பக் கேட்பது மரியாதை. நான் ஒருநாளும் வேலை பார்க்கவில்லை என்றார் இளம் நண்பர். உண்மை! அதனால் நான் ஒரு தவறும் செய்யவில்லை. என் துறைகளில் ஒரு காசு வீணாகவில்லை, ஒரு கட்டடம் இடியவில்லை, ஒரு கடிதம் தப்பான வீட்டுக்குப் போகவில்லை. இந்தச் சபையில் அப்படி மார்தட்டிச் சொல்லக்கூடிய மந்திரி வேறு யார்? மந்திரிகள் அலுவலகத்தில் உட்கார ஆரம்பித்தால் இந்தக் காலனி என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்! லண்டனில் இன்னும் இதை ஒழிக்கவில்லை. லண்டனே ஒழிக்காத ஒன்றை நாம் ஒழித்தால், நாளைக்கு ஜன்னலையும் திறக்கச் சொல்வார்கள்!"

மூத்த உறுப்பினர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். லண்டன் என்று கேட்டதுமே பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். மசோதா தோற்றது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்த ஸர் ஈனியஸ், தானும் ஆரம்பத்திலிருந்தே அதை எதிர்த்ததாக அறிவித்தார். அன்று மாலையே ஹெஃபர்னனுக்குப் பொதுப்பணி இலாகாவைக் கொடுத்தார்.

பில்பீம் பேனாவும் கையுமாகக் காத்திருந்தார். "உத்தரவை எடுக்கட்டுமா சார்?"

"வேண்டாம் பில்பீம். கோச் வண்டி எப்ப கிளம்புது?"

அவர் கெட்டில் ஃப்ளாட் வந்து இறங்கியபோது கடைசி மேடை முடிந்திருந்தது. இரண்டு கரை ஜனங்களும் காரணமே இல்லாமல் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நடந்தார்கள், திரும்பி நடந்தார்கள். கிழவிகள் மரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். கீழே ஓடை உறுமிக்கொண்டு போனது. மறுகோடியில் ஹனோரா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

மேஜர் புத்தகத்தைத் திறந்தார். "முதல் வேட்பாளர், மிஸ்டர் தடேயஸ் ஹெஃபர்னன். இரண்டாவது வேட்பாளர்..."

ஹெஃபர்னன் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் இரண்டாவது வேட்பாளர் என்று ஒன்று இருந்ததே இல்லை.

"... மிஸ்டர் பேட்ஸி டூலன்."

கொல்லன் பேட்ஸி, எங்கிருந்தோ கிடைத்த கோட்டைப் பொத்தான் போட முடியாமல் மாட்டிக்கொண்டு மேடை ஏறினான். அவனுடைய கொடி ஹெஃபர்னனுக்குத் தெரிந்த துணியாக இருந்தது. கறுப்பு அன்னத்தின் மேஜைவிரிப்பு. ஓரத்தில் அவர் போன மாதம் சிந்திய ஸ்ட்யூக் கறைகூட அப்படியே இருந்தது.

விடுவிடுவென்று மறுகோடிக்கு நடந்தார். "என்ன இது, ஹனோரா?"

"பார்த்தா தெரியல? எலெக்‌ஷன்."

"பேட்ஸியை நிறுத்தினது நீங்களா?"

"நானேதான். ரெண்டு பீப்பாய் பீர் செலவு."

"ஏன்? நான் என்ன தப்பு பண்ணேன்?"

"ஜெயிக்கறதுதான் தப்பு! இன்னைக்கு ஜெயிச்சா நாளைக்குக் கோச் ஏறுவீங்க. அப்புறம் அங்க ஜன்னலைத் திறக்கலாமா வேண்டாமான்னு பேசிட்டு ஆறு மாசம் கழிச்சு வருவீங்க. நான் பாலம் கேட்டது நீங்க இந்தப் பக்கம் வர்றதுக்கு. அந்தப் பக்கம் போறதுக்கு இல்ல." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஓடையைப் பார்த்து நின்னது போதும்னேன். ரோட்டைப் பார்த்து நிக்கறதும் அதே மாதிரிதான் இருக்கு."

ஹெஃபர்னன் திரும்பி மேடை நடுவுக்கு வந்தார்.

"மிஸ்டர் ஹெஃபர்னனுக்கு ஆதரவானவர்கள் கை தூக்கலாம்," என்றார் மேஜர். நிறையக் கைகள் உயர்ந்தன. ஜனங்களுக்கு அவரைப் பிடிக்கும்.

"மிஸ்டர் டூலனுக்கு?"

பீர் குடித்த கைகள் உயர்ந்தன. பெண்களுக்கு வாக்கு இல்லை என்று தெரிந்தும் ஹனோரா கரண்டியோடு கையை உயர்த்தினாள். மேஜர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். எது அதிகம் என்று சொல்ல முடியாமல் திணறினார். அப்போது மேடை நடுவில் இன்னொரு கை மேலே போனது. ஹெஃபர்னனின் கை.

மேஜர் பரபரவென்று பக்கங்களைப் புரட்டினார். வேட்பாளர் எதிரிக்குக் கை தூக்கக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. வேறு எவனும் இதுவரை அப்படிச் செய்ததில்லை என்பதால் எழுதத் தோன்றவில்லை போலிருக்கிறது.

"மிஸ்டர் டூலன் பக்கம் அதிகம்," என்றார் மேஜர். "மிஸ்டர் ஹெஃபர்னன், முறைப்படி வாக்குப்பதிவு கோர உங்களுக்கு உரிமை உண்டு. கோருகிறீர்களா?"

"வக்கீலு!" என்று பேட்ஸி காதோடு கெஞ்சினான். "கேட்டுத் தொலைங்கய்யா! நான் விளையாட்டுக்குத்தான் நின்னேன்!"

"வேண்டாம்," என்றார் ஹெஃபர்னன். விக்கைக் கழற்றிப் பேட்ஸியின் தலையில் வைத்தார். மேற்குப் பக்கமாக நடந்து, அந்தக் கடைசி மேடையைத் தாண்டி, கால் நனையாமல் இறங்கினார். பின்னால் ஒரு முட்டைக்கோஸ் பறந்து வந்தது. அதில் கயிறு கட்டியிருக்கவில்லை. ஹனோரா அதைப் பிடித்து, கல்யாண ஸ்ட்யூவுக்கு ஆகும் என்று உள்ளே எடுத்துப் போனாள்.

கல்யாண விருந்து அடுத்த மாதம், வராந்தா இல்லாத ஹோட்டல் வாசலில், கொளுத்துகிற வெயிலில் நடந்தது. சாப்பாடு பாதியில் இருக்கும்போது பாலத்தின் மேல் இரண்டு பேர் நடந்து வந்தார்கள். ஒருவர் பில்பீம். இன்னொருவன் பேட்ஸி டூலன், தலையில் விக், முகத்தில் அசாத்தியக் களைப்பு.

"வக்கீலய்யா, காப்பாத்துங்க!" என்றான். "அந்த ஸர் ஈனியஸ் ஒரு ஐரிஷ்காரன் குறையுதுன்னு என்னைப் பொதுப்பணி மந்திரி ஆக்கிட்டாரு! இப்ப இடம் காலின்னு திருப்பி அனுப்பிட்டாங்க!"

பில்பீம் பூட்ஸில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினார். "நான் பாலம் போடற இடத்தைப் பார்வையிட வந்தேன். எங்க கணக்குப்படி இந்த ஊர்ல ஓடையைத் தாண்ட ஒரு வழியும் கிடையாதாமே. பாவம், எப்படித்தான் சமாளிக்கறீங்களோ! அந்தக் கரையிலேர்ந்து இங்க வர்றதுக்குள்ள எனக்கே மனசு கஷ்டமாயிடுச்சு."

மேஜர் தார்ன்டைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அவர் முகத்தில் உண்மையான கவலை.

"மறுபடி தேர்தல். புது மேடை வேண்டும். ஆனால் ஓடை முழுக்க மேடைகள் நிரம்பிவிட்டன. தொகுதியின் நடுவில் இடமே இல்லை. மிஸ்டர் ஹெஃபர்னன், சட்டம் என்ன சொல்கிறது?"

ஹெஃபர்னன் ஸ்ட்யூவை விழுங்கினார். தலைக்கு மேல் சூரியனைப் பார்த்தார், தட்டில் விழுந்த ஈயைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார்.

"கடைசி மேடையைத் தொட்டாற்போல் அடுத்த இடம், மேஜர். அதாவது இந்த ஹோட்டல் வாசல்."

மேஜர் அங்கேயே சங்கிலியை எடுத்து அளக்க ஆரம்பித்தார். ஹனோரா அவருக்கு இன்னொரு கரண்டி ஸ்ட்யூ ஊற்றினாள்.

"நல்லா நீளமாக் கட்டுங்க மேஜர்," என்றாள். "அப்படியே மேல ஒரு கூரையும் போட்டுடுங்க. பாவம், மந்திரி வெயில்ல நின்னுல்ல பேச வேண்டியிருக்கும்!"